சமனா தீபகற்பத்தில் எந்தக் கடற்கரைக்குப் போவது? எங்கள் அனுபவங்கள்

பகிர்வு 1

நண்பர்களுக்கு வணக்கம். டொமினிக்கன் குடியரசின் வடகிழக்கில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் சமனா தீபகற்பத்துக்கு நானும் மனைவியும் இரண்டு மகள்களும் சென்ற பிப்ரவரியில் ஒன்பது நாள் போய் வந்தோம். கடற்கரையைத் தேர்ந்தெடுப்பதில் நான் செய்த ஒரு பிழையை அடுத்துப் போகிறவர்கள் செய்யக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தலைநகர் சாந்தோ தொமிங்கோவில் இறங்கி வாடகைக் காரில் புறப்பட்டோம். 2008-இல் திறக்கப்பட்ட நெடுஞ்சாலை இருப்பதால் சுங்கக் கட்டணம் செலுத்திக்கொண்டே போனாலும் மூன்று மணி நேரத்துக்குள் லாஸ் டெரெனாஸ் ஊரை அடைந்துவிட முடிந்தது. தீபகற்பத்தின் நடுவில் மலைத்தொடர் ஓடுகிறது. சாலை அதன் மேல் ஏறி மறுபக்கம் இறங்கும்போது, மலையடிவாரம் முதல் கடல்வரை தென்னை மரங்களைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்றை இந்த மலை தடுத்து நிறுத்துவதால் இங்கே அடிக்கடி மழை உண்டு. ஆனால் பெரும்பாலும் அரை மணி நேரம் கொட்டிவிட்டு வெயில் வந்துவிடுகிறது. மழையைப் பார்த்து அன்றைய திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை.

நான் படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம் கொசோன் கடற்கரை. ஊருக்கு மேற்கே பல கிலோமீட்டர் நீளத்துக்கு வெறும் மணலும் தென்னையுமாகக் கிடக்கும் அந்த இடத்தின் அழகைப் பற்றி எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. இரண்டாம் நாள் காலையில் பன்னிரண்டு வயது மூத்த மகள் முழங்காலளவுத் தண்ணீரில்தான் நின்றுகொண்டிருந்தாள். ஓர் அலை வந்து திரும்பியபோது அவள் காலடி மணல் சரிந்தது. அடுத்த கணம் அவள் என்னிடமிருந்து இருபது அடி தள்ளி, கரையை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தாள். நான் நேராக அவளை நோக்கி நீந்தினேன். அவளோ நேராகக் கரையை நோக்கி நீந்த முயன்று களைத்துக்கொண்டிருந்தாள். அலைச்சறுக்குப் பலகையுடன் பக்கத்தில் இருந்த உள்ளூர் இளைஞர் ஒருவர் கையைப் பக்கவாட்டில் வீசிக் காட்டியபடியே அவளை எட்டி, பலகையைப் பிடிக்கச் செய்து, கரைக்கு இணையாகச் சிறிது தூரம் இழுத்துச் சென்று பிறகு அலையோடு கரையேற்றினார். உள்ளே இழுக்கும் நீரோட்டம் அகலம் குறைந்தது என்பதையும், அதை எதிர்த்து நீந்தாமல் பக்கவாட்டில் விலகினால் தப்பிவிடலாம் என்பதையும் நான் முன்பே படித்திருக்கிறேன். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

அன்று மாலை மீனவர் ஒருவரிடம் கேட்டபோதுதான் முழு விளக்கம் கிடைத்தது. டிசம்பர் முதல் மார்ச் வரை வட அட்லாண்டிக்கில் வீசும் புயல்களின் அலைகள் பல நாள் பயணம் செய்து இந்த வடகரையில் வந்து மோதுகின்றன. இங்கே வானம் தெளிவாக இருந்தாலும் கடல் கொந்தளிக்கலாம். கொசோனுக்கு முன்னால் அந்த அலையைத் தடுக்க எதுவும் இல்லை. ஊருக்குக் கிழக்கே உள்ள எல் போர்த்தியோவுக்கு முன்னாலோ பவளப்பாறைத் திட்டு இருக்கிறது. பெரிய அலை அங்கேயே உடைந்துவிடுகிறது. மறுநாள் அங்கு போனோம். கடலில் தொலைவில் வெள்ளைக் கோடாக அலை உடைவது தெரிந்தது; கரையோரத்திலோ தண்ணீர் குளம்போல் இருந்தது. இளைய மகள் இடுப்பளவு ஆழத்தில் அமர்ந்து தன் விரல்களைச் சுற்றி வந்த சிறு மீன்களை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளிர்காலத்தில் குழந்தைகளுடன் போகிறவர்கள் கடற்கரையின் படத்தைப் பார்ப்பதைவிட, வரைபடத்தில் அதற்கு முன்னால் பாறைத்திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் போன கடற்கரைகள் எதிலும் உயிர்காப்பாளரை நான் பார்க்கவில்லை.

பகிர்வு 2

மேலே எழுதிய சகோதரரின் மகள் நலமாகத் திரும்பியதற்கு முதலில் நன்றி சொல்லிக்கொள்கிறேன். நான் தனியாகப் பயணம் செய்யும் பெண். போனது மே மாத இறுதியில். தங்கியது தீபகற்பத்தின் கிழக்கு முனையில், சாலை முடிகிற இடத்தில் இருக்கும் லாஸ் கலேராஸ் என்ற சிறிய ஊரில். எனவே நான் பார்த்த கடல் வேறு.

நான் இந்தத் தீபகற்பத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே சர்காசம் கடற்பாசிதான். 2011 முதல் அட்லாண்டிக்கில் பெருகி, வசந்தமும் கோடையுமாகக் கரீபியன் கரைகளில் குவியும் இந்தப் பழுப்புப் பாசி, நாட்டின் கிழக்குக் கரையில் உள்ள புன்டா கானாப் பகுதியைத்தான் அதிகம் தாக்குகிறது. சமனாவின் பெயர்பெற்ற கடற்கரைகள் பல வடக்கு நோக்கியவை என்பதால் அங்கே பாசி ஒதுங்குவது குறைவு. நான் இருந்த ஏழு நாளில் ஊர்க் கடற்கரையில் ஒரு காலை மட்டும் மெல்லிய பாசிக் கோடு ஒன்றைப் பார்த்தேன்.

ரின்கோன் கடற்கரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லாஸ் கலேராஸிலிருந்து படகில் இருபது நிமிடம். ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து கிடக்கும் மணற்கரை அது. பின்னால் தென்னந்தோப்பு, அதற்கும் பின்னால் காடடர்ந்த மலை. அதன் மேற்கு ஓரத்தில் கான்யோ ஃப்ரியோ என்ற சிற்றாறு கடலில் சேர்கிறது. பெயருக்குக் குளிர்ந்த ஓடை என்று பொருள். கடலில் குளித்துவிட்டு அதில் இறங்கியபோது அந்தக் குளிர்ச்சியில் மூச்சு ஒரு கணம் நின்று வந்தது. உப்பு முழுவதும் கழுவிப் போக, பச்சை நிறத் தண்ணீருக்கு அடியில் என் கால் நகங்கள் வரை தெரிந்தன. கடலும் ஆறும் கலக்கும் இடத்தில் நின்றால் குளிரும் வெதுவெதுப்புமாக இரண்டு தண்ணீரையும் ஒரே நேரத்தில் உணர முடிகிறது.

ஆற்றோரத்துக் கீற்றுக் கொட்டகை ஒன்றில் மதிய உணவு. தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீன், பச்சை வாழைக்காயைத் தட்டிப் பொரித்த தொஸ்தோனெஸ், கூடவே ஒரு சோறு. வாயில் வைத்ததும் எனக்கு மிகவும் பழகிய ஒரு சுவை தெரிந்தது. சமைத்த அம்மாளிடம் கேட்டபோது உள்ளே போய் ஒரு கைப்பிடி பச்சைக் காய்களைக் கொண்டுவந்து காட்டினார். துவரங்காய்! அவர்கள் அதைக் குவாந்துலெஸ் என்கிறார்கள். இந்தியாவில் தோன்றி, ஆப்பிரிக்கா வழியாகக் கரீபியன் மண்ணுக்கு வந்த பயிர் அது. நாம் பருப்பாக உடைப்பதை அவர்கள் பச்சையாகவே உரித்துத் தேங்காய்ப்பாலும் அரிசியும் சேர்த்துப் பொங்குகிறார்கள். வீட்டில் இப்போது நானும் அப்படிச் செய்கிறேன்.

ஃப்ரொன்டோன் கடற்கரையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. செங்குத்தான பாறைச் சுவருக்குக் கீழே ஒடுங்கிய மணல், முன்னால் தெளிந்த பவளத் தோட்டம். முகமூடி அணிந்து மீன் பார்க்க இதைவிட நல்ல இடத்தை நான் அங்கே காணவில்லை. ஆனால் படகு கிழக்கு முனையைச் சுற்றிப் போக வேண்டும். காலையில் காற்று அடங்கியிருக்கும். பத்து, பதினொரு மணிக்குப் பிறகு கிழக்குக் காற்று வலுக்கும். எட்டு மணிக்குப் புறப்படலாம் என்று பேசிய படகுக்காரர், மேலும் ஆட்களுக்காகக் காத்திருந்து பதினொன்றரைக்குத்தான் படகை எடுத்தார். திரும்பும்போது படகு ஒவ்வோர் அலையிலும் தூக்கி அடித்தது. உயிர்க்கவசம் நான்கு பேருக்குத்தான் இருந்தது. நாங்கள் ஏழு பேர். படகில் ஏறுவதற்கு முன்பு தலைக்கு ஒன்று இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்; இல்லையென்றால் ஏறாதீர்கள். அதற்குப் பிறகு நான் மடாமா என்ற சிறு கடற்கரைக்குக் காட்டுப் பாதையில் நடந்தே போனேன். வழி செங்குத்து, வெயிலும் கடுமைதான். ஆனாலும் நிம்மதியாக இருந்தது.

பகிர்வு 3

முதல் பகிர்வில் சொன்ன அதே குளிர்கால அலைப் பருவத்தில்தான் கூன்முதுகுத் திமிங்கிலங்களும் வருகின்றன என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். ஜனவரி நடுப்பகுதி முதல் மார்ச் இறுதி வரை, வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த கடல்களில் இரை தின்று கொழுத்த திமிங்கிலங்கள் இணை சேரவும் குட்டி ஈனவும் சமனா விரிகுடாவுக்கு வருகின்றன. விரிகுடா தீபகற்பத்தின் தெற்கே இருக்கிறது. வடக்கிலிருந்து வரும் அலையைத் தீபகற்பமே தடுத்துவிடுகிறது. ஆகவே அந்த மாதங்களில் வடகரை மிரட்டினால் தென்கரைக்கு வாருங்கள்.

எழுபத்தாறு வயதான என் தந்தையை அழைத்துப் போயிருந்தேன். சாந்தா பார்பரா ஊரிலிருந்து படகு. தாயும் குட்டியும் அருகருகே மேலே வந்து மூச்சு விட்டபோது அந்த ஒலி, பெரிய லாரியின் காற்றுத்தடை விடுபடுவதுபோல் இருந்தது. எங்கள் படகோட்டி நெருங்காமல் இயந்திரத்தைத் தணித்துக்கொண்டார். இந்த விரிகுடாவில் திமிங்கிலங்களுடன் நீந்துவதற்கு அனுமதி இல்லை. அழைத்துப் போகிறோம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

திரும்பும் வழியில் காயோ லெவன்டாடோ என்ற குட்டித் தீவில் இறக்கினார்கள். தீவின் ஒரு பகுதி விடுதிக்குரியது, மற்றொரு பகுதி பொதுமக்களுக்கானது. பெரிய கப்பல் வந்திருந்த நாள் என்பதால் நிற்க இடமில்லாத கூட்டம். அலையில்லாத தண்ணீர் என்பதால் அப்பா இறங்கி நின்றார், அது போதும். கப்பல் வராத நாளை ஊரில் கேட்டுத் தெரிந்துகொண்டு போவது நல்லது. இன்னொன்று: இந்த நாட்டுச் சட்டப்படி கரையிலிருந்து 60 மீட்டர் வரையான நிலம் பொதுச்சொத்து. விடுதிக்கு முன்னால் இருக்கிறது என்பதற்காக ஒரு கடற்கரையை உங்கள் பட்டியலிலிருந்து நீக்க வேண்டாம்.

ஊரில் யானிகேகே என்ற மொறுமொறுப்பான பொரித்த ரொட்டி விற்ற மூதாட்டி அப்பாவிடம் பழைய பாணி ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியபோது நாங்கள் வியந்துபோனோம். இந்த நாடும் ஹைட்டியும் அடங்கிய பெருந்தீவு முழுவதும் ஹைட்டியின் ஆட்சியில் இருந்த 1824-இல், ஹைட்டி அதிபர் பொயே விடுத்த அழைப்பை ஏற்று அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய சுதந்திரக் கறுப்பினத்தவரின் வழிவந்தவர் அவர். யானிகேகே என்பதே ஜானி கேக் என்ற ஆங்கிலப் பெயர் ஸ்பானிய நாக்கில் உருண்டு வந்ததுதான். ஸ்பானியம் தெரியாத அப்பா, அந்தப் பயணத்தில் முதல்முறையாக ஒருவரிடம் அரை மணி நேரம் பேசினார்.

பகிர்வு 1 எழுதியவரின் மறுமொழி

இருவருக்கும் மிக்க நன்றி. விரிகுடா அமைதியாக இருக்கும் என்பது முன்பே தெரிந்திருந்தால் இரண்டு நாளையாவது தென்கரைக்கு மாற்றியிருப்பேன். அடுத்த ஆண்டு மே மாதம் லாஸ் கலேராஸுக்குப் போவதாக முடிவு செய்திருக்கிறோம். மூத்தவளிடம் ரின்கோன் பற்றி வாசித்துக் காட்டினேன். கடலில் இறங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் அந்த ஆற்றில் இறங்குகிறேன் என்றாள். படகை எட்டு மணிக்கே எடுக்கும் ஆள் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் எனக்குத் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.