பக்கத்து ஓட்டல் புகையால் பட்ட பாடு: உங்கள் அனுபவம்?

கீழக்கரை மருமகள்:
பரோட்டாக் கடையின் பின்சுவர்தான் எங்கள் அடுப்படிச் சுவர். மீதி உங்களுக்கே புரியும். சாயங்காலம் கல் சூடேறியதும் எக்ஸாஸ்ட் ஃபேன் எங்கள் மொட்டைமாடியைப் பார்த்து ஊத ஆரம்பித்துவிடும். போன நோன்பில், பெருநாளுக்கென்று எடுத்த மகனின் வெள்ளைச் சட்டையை அலசிக் கொடியில் போட்டிருந்தேன். எடுக்கும்போது தோள்பட்டையில் விரல் ஒட்டியது. முகர்ந்தால் சால்னா வாடை. மாமி அதைக் கையில் வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "உள்ளே புகையே கிடையாதும்மா, வந்து பாருங்கள்" என்றார். பார்த்தேன். உள்ளே கிடையாதுதான்.

தங்கச்சிமடத்தான்:
அக்காவுக்கு எண்ணெய், எனக்குக் கரி. மண்டபம் சாலையோரம் மீன் சுட்டுக் கொடுக்கும் கடையில் கொஞ்ச நாள் நின்றேன். அன்று மழை, தார்ப்பாயை எல்லாப் பக்கமும் இறக்கிவிட்டோம். சீமைக் கருவேலங்கரி நன்றாகக் கனிந்துவிட்டால் புகை கண்ணுக்குத் தெரியாது, அதனால் யாரும் கவலைப்படவில்லை. எனக்குத் தலை கனத்தது. மீன் கழுவும் அக்கா ஐஸ் பெட்டியில் சாய்ந்திருந்தார். அசதியில் தூங்குகிறார் என்று நினைத்தேன். கையில் பாதி செதில் எடுத்த விளமீன் அப்படியே இருந்தது. வெளியே இழுத்துப் போட்டுக் கடற்காற்று பட்ட பிறகுதான் கண் திறந்தார். கரியிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு என்றார் டாக்டர். நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

பழைய ஃபிட்டர்:
தம்பி சொல்வது வேறு சங்கதி, இதில் கலக்க வேண்டாம். ராமேஸ்வரத்தில் ஒரு விடுதியின் புகைக்குழாயைக் கழற்றினேன். பாகு மாதிரி எண்ணெய் முழங்கை வரை வழிந்தது. தீப்பொறி பட்டிருந்தால் குழாய் முழுக்க எரிந்திருக்கும். அதைவிடுங்கள். லாத்தா, உங்கள் கடைக்காரரிடம் இப்படிச் சொல்லுங்கள். அடுப்புக்கு மேலே உள்ள தகட்டு வடிகட்டி பெரிய எண்ணெய்த் துளிகளை மட்டும்தான் பிடிக்கும். அதையும் வாரம் ஒருமுறையாவது சோடா உப்பு கலந்த வெந்நீரில் ஊறவைத்துத் தேய்க்க வேண்டும். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் அதில் நிற்காது. அவற்றுக்கு மின்னேற்றித் தகட்டில் ஒட்டவைக்கும் கருவி இருக்கிறது. வாடைக்கு அதற்கும் அடுத்து ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது வாடையை உறிஞ்சும் கரி. முதலிலேயே வைத்தால் எண்ணெய் அடைத்து வீணாகிவிடும். குழாயைப் பக்கவாட்டில் விடாமல் பக்கத்து மாடிகளுக்கும் மேலே நேராக ஏற்ற வேண்டும். பகலில் காற்று கடலிலிருந்து ஊருக்குள், இரவில் ஊரிலிருந்து கடலுக்கு; எந்தப் பக்கம் திருப்பினாலும் யாராவது ஒருவர் வீட்டுக்குள்தான் போகும். முக்கியமாக, எண்ணெயைப் புகைய விடக் கூடாது. கண்ணெரிய வைக்கும் அக்ரோலின் அதில்தான் வருகிறது. அதிக வெப்பத்தில் பொரிக்கும் புகையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2010இலேயே சேர்த்துவிட்டது.

கீழக்கரை மருமகள்:
ஃபிட்டர் காக்கா, நான் கடை வைக்கப் போவதில்லை.

தங்கச்சிமடத்தான்:
வேறு சங்கதியா? குழாயே இல்லாத கடைக்கு யார் வடிகட்டி மாட்டுவது?

மாஸ்டர் மகன்:
எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே நின்று பேசுகிறீர்கள். என் அத்தா பரோட்டாக் கல்லுக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிறவர். இரவு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, மூக்குக் கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவுவது. வெறும் துணியால் துடைத்தால் எண்ணெய் இழுகிக்கொண்டு போகும், தெளியாது.