தண்ணீர் நம் மதகுக்கு வந்ததா?

படிப்பை முடித்து வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகள் நம் பக்கத்தில் இப்போது நிறையப் பேர். உழவன், மன்னை, சோழன் என்று எந்த ரயிலைப் பார்த்தாலும் புதுப் பெட்டியோடு ஒரு பையனோ பெண்ணோ சென்னைக்கு ஏறுகிறார்கள். அந்த வயதில் உங்களுக்கு ஒருவர் சொன்ன சொல் பின்னால் உதவியிருந்தால், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

எங்கள் ஊர் தலைஞாயிறு பக்கம், கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். அப்புறம் வெண்ணாறு, அரிச்சந்திரா நதி, பிரிவு வாய்க்கால் என்று இறங்கி எங்கள் மதகைத் தொடுவதற்கு என்றைக்கு என்று நாள் குறிக்க முடியாது. மேலே நடவு முடிந்திருக்கும், எங்கள் வாய்க்காலில் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும்.

பெரியப்பா விடியற்காலையில் மதகுக்குப் போய் உட்காருவார். தண்ணீர் வந்த அன்றே நாற்றங்காலுக்கு விதையை ஊறப்போட மாட்டார். வாய்க்கால் சுவரில் ஈரம் ஏறிய இடத்தில் கரித்துண்டால் ஒரு கோடு இழுப்பார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அந்தக் கோடு நனைந்திருந்தால்தான் வீட்டுக்கு வந்து விதை மூட்டையை அவிழ்ப்பார். விதைக்கிறது சி.ஆர். 1009 என்ற நெல் ரகம். 155 நாளுக்கு மேல் நிற்கும் பயிர். "மூட்டையில இருக்கிற வரைக்கும் அது நெல்லு. ஊறப்போட்டா திரும்ப மூட்டையில கட்ட முடியாது" என்பார்.

நான் பொறியியல் முடித்தது 2012இல். வழக்கமாக மேட்டூர் திறக்கும் நாள் ஜூன் 12, அந்த ஆண்டு அன்றைக்குத் திறக்கவில்லை. அதிலிருந்து எட்டு ஆண்டு, 2019 வரை, அந்தத் தேதியில் திறக்கவே இல்லை. எங்கள் வீட்டில் அந்த வருடம் கையில் காசில்லை. என்னிடம் ஒரு நிறுவனம் கொடுத்த வேலைக் கடிதம் இருந்தது. ஆண்டுக்கு 3 லட்சம். 12ஆல் வகுத்து மாதம் 25,000 என்று வீடு முழுக்கச் சொல்லிவிட்டேன். அந்தக் கணக்கை நம்பி, அப்பா கையெழுத்தில் தவணைக்கு பைக் எடுத்தேன். தங்கைக்குக் கல்லூரி விடுதியில் இடம் பிடிக்கச் சொன்னேன்.

பெரியப்பா கடிதத்தை வாங்கித் திண்ணையில் வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது, எண்களை மட்டும் பார்த்தார். "சரி தம்பி, மேட்டூர்ல தொறந்துட்டாங்க. நம்ம மதகுக்கு வந்துச்சா?" என்று கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது.

சேரும் தேதியை அந்த நிறுவனம் மூன்று முறை தள்ளியது. ஒன்பது மாதம். தவணையை அம்மா நகையை அடகு வைத்துக் கட்டினார். கடைசியில் சேர்ந்தபோது கைக்கு வந்தது 20,000க்குக் கொஞ்சம் மேல். நிறுவனம் நம் பேரில் கட்டும் சேமநிதியும் (பி.எஃப்.), பொதுவாக ஐந்து ஆண்டு வேலை பார்த்தால் கிடைக்கும் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) அந்த 3 லட்சத்துக்குள்ளேயே அடக்கம் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதுபோக நம் அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் சேமநிதிக்குப் பிடிப்பார்கள். அந்தப் பணம் நமக்குத்தான் வரும், ஆனால் மாத வாடகைக்கு உதவாது. ஆகவே கடிதம் வாங்கும் பிள்ளைகளே, "பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வரும்?" என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்று சம்பளம் வங்கியில் ஏறும் வரை எந்தத் தவணையும் தொடங்காதீர்கள். மூன்று நாள் கோடு நனைகிற கணக்கு அது.

கும்பகோணத்திலிருந்து:

"ஊறப்போட்டா திரும்ப மூட்டையில கட்ட முடியாது" என்ற வரியைப் படித்ததும் நான் போட்ட ஜாமீன் கையெழுத்துதான் நினைவுக்கு வந்தது. அரசு வேலையில் சேர்ந்து எட்டாவது மாதம். உடன் வேலை பார்த்த அக்கா ஒருவர் 5 லட்சம் சீட்டு எடுத்தார். ஜாமீனுக்கு அரசு ஊழியர் வேண்டும் என்று என்னிடம் வந்தார். தினமும் என்னோடு ஒரே பேருந்தில் வருகிறவர், மதியம் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்கிறவர். எப்படி மறுப்பது?

எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் ஓய்வுபெறும் ஆண்டில் இருந்தார். என்னைத் தனியாக அழைத்து, "இந்தக் கடன் உன் கடன்னு நெனச்சுக்க. மொத்தத்தையும் நீயே கட்டுறதா இருந்தா போடுவியாம்மா? அப்ப போடு" என்றார். பயமுறுத்துகிறார் என்று எண்ணிக்கொண்டு போட்டுவிட்டேன். அவர் சொன்னது அப்படியே சட்டம் என்று பிறகுதான் அறிந்தேன். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 128ஆவது பிரிவு: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. முதலில் அவரிடம் வசூலித்துவிட்டு மீதிக்குத்தான் நம்மிடம் வருவார்கள் என்று நினைப்பது தவறு.

அந்த அக்காவின் வீட்டில் நோய் வந்தது, தவணை நின்றது. வழக்கு நடந்து என் சம்பளத்தில் பிடித்தம் ஆரம்பித்தது. இரண்டு ஆண்டு. என் கல்யாணத்துக்குச் சேர்க்க வேண்டிய பணம் அது. அவரை நான் இன்றும் குறை சொல்லமாட்டேன், ஏமாற்ற வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. ஆனால் இப்போது புதிதாக வரும் பெண்களிடம் நான் சொல்வது இது: "எங்க வீட்ல ஜாமீன் போடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க அக்கா" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். உறவு முறியாது. முடிந்தால் ஐயாயிரமோ பத்தாயிரமோ கையில் கொடுங்கள், திரும்பி வராது என்று நினைத்தே கொடுங்கள்.

முத்துப்பேட்டையிலிருந்து:

வெளிநாடு போகிற தம்பிகளுக்கு. கஜா புயல் 2018 நவம்பரில் எங்கள் தென்னையை எல்லாம் சாய்த்துப் போட்ட பிறகு நான் வளைகுடா போக முடிவெடுத்தேன். ஒரு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்டார், 20,000 முன்பணம் வாங்கிக்கொண்டார். மீதியைக் கட்டக் கிளம்பிய அன்று டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர், "ரசீது கொடுத்தாரா? விசா எந்த வகைன்னு பாத்தியா?" என்று கேட்டார். பதினெட்டு வருடம் அங்கே இருந்துவிட்டு வந்தவர். என் போனில் இருந்த விசா நகலை வாங்கி, பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "இது சுற்றுலா விசா. இதுல வேலை பாத்தா பிடிப்பாங்க."

பதிவுபெற்ற முகவர் நம்மிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் ரூ.30,000, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும்தான். கட்டாயம் ரசீது தர வேண்டும். முகவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் நாமே தேடிப் பார்க்கலாம். எனக்கு 20,000 போனது, மீதியும் நானும் தப்பித்தோம். ஆறு மாதம் கழித்து முறையான வேலை விசாவில் போனேன். அந்தப் பெரியவரின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வேதாரண்யத்திலிருந்து:

எல்லாம் சரிதான் அண்ணே. ஆனால் தண்ணீர் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் எங்கள் பக்கம் பாதி வருடங்களில் சாகுபடியே இருக்காது. நாங்கள் காய்ந்த நிலத்தை உழுது புழுதி விதைப்பாக விட்டுவிட்டு மழைக்குக் காத்திருப்போம். நானும் வேலை உறுதியாகாமல்தான் திருப்பூர் போனேன். போகாமல் இருந்திருந்தால் இன்றைக்கு எனக்கென்று ஒரு தொழில் இருந்திருக்காது.

தலைஞாயிற்றிலிருந்து மீண்டும்:

நீங்கள் சொல்வது உண்மை தம்பி, அதை நான் எழுதாமல் விட்டுவிட்டேன். மேட்டூர் தள்ளிப்போன வருடங்களில் பெரியப்பாவும் புழுதியில்தான் விதைத்தார். ஆனால் வீட்டில் இருக்கும் விதை அத்தனையையும் கொண்டுபோக மாட்டார். இரண்டு மூட்டை உள்ளறையில் தனியாக நிற்கும். மழை இறங்கி வயல் முழுக்க முளை பிடித்தது என்று அவரே வரப்பில் நடந்து பார்த்துவிட்டு வரும் வரை, வீட்டில் அரிசி தீர்ந்து கடையில் வாங்கிச் சாப்பிட்டாலும் அதை யாரும் தொட முடியாது. பெரியம்மா அந்த மூட்டைகளின் மேல் முறத்தைக் கவிழ்த்து வைத்திருப்பார்.