புதுப்பிப்பு: கிரேஸ் ஸ்கோரில் பிழை வரும் இடங்கள்

நெஞ்சுநோவோடு வருபவரின் ஆபத்தைக் கணிக்கும் கிரேஸ் ஸ்கோர் பற்றிய முந்திய பதிவில், ஒரே நோயாளிக்கு இரண்டு பேர் போட்டால் ஏன் வேறு வேறு புள்ளி வருகுது என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் பிழை வரும்.

முதலாவது கிரியாட்டினின், சிறுநீரகம் எப்படி வேலை செய்யுது என்று காட்டும் இரத்த அளவு. றிப்போட்டில் 115 மைக்ரோமோல் என்றிருந்தால் 88.4 ஆல் பிரிக்க வேணும், 1.3 மில்லிகிராம் வரும், அதற்கு 10 புள்ளி. மில்லிகிராம் கட்டத்தில் 115 ஐ அப்படியே போட்டால் 28. பதினெட்டுப் புள்ளி வீணாக ஏறி, 125 இல் நிற்க வேண்டியவர் 143 ஆகிவிடுவார். 140 ஐத் தாண்டினால் 24 மணித்தியாலத்துக்குள் அஞ்சியோகிராம் (இதய இரத்தக் குழாய்ப் படம்) யோசிக்கிற எல்லை அது. 2009 இல் வந்த டைமாக்ஸ் ஆய்விலும் அஞ்சியோகிராமை முந்திச் செய்ததன் பலன் தெளிவாகத் தெரிந்தது 140 ஐத் தாண்டியவர்களில்தான்.

மற்றது பிரஷர். வந்தவுடன் எடுத்ததைத்தான் போடவேணும். நாக்கின் கீழ் ஜிடிஎன் (இரத்தக் குழாயை விரிக்கும் மருந்து) வைத்தபின் 150, 110 ஆக இறங்கினால் புள்ளி 24 இலிருந்து 43 ஆகும். பருத்தித்துறையிலோ சாவகச்சேரியிலோ முதலில் பார்த்து யாழ்ப்பாணத்துக்கு மாற்றும்போது, மருந்துக்கு முந்திய பிரஷரையும் நாடித்துடிப்பையும் நேரத்தோடு மாற்றக் கடிதத்தில் எழுதிவிடுங்கோ. தயவுசெய்து இதை விடாதேங்கோ.

இன்னொன்று: இந்த ஸ்கோரில் சலரோகம் (நீரிழிவு) இல்லை, வயதுக்கோ புள்ளி அதிகம். நாற்பது வயதுச் சலரோகக்காரருக்குக் குறைந்த புள்ளி வந்தாலும் ட்ரோபோனின் (இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), ஈசிஜி இரண்டையும் திரும்ப எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பக்கூடாது.