'பிரிகோஷியஸ்' என்றால் பாராட்டா, திட்டா?

தறிநாடா:
மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ரிப்போர்ட் கார்டில் டீச்சர் 'பிரிகோஷியஸ் சைல்ட்' என்று எழுதியிருக்கிறார். வீட்டிலிருக்கும் பழைய அகராதியில் 'பிஞ்சில் பழுத்த' என்று போட்டிருக்கிறது. அதைப் படித்த மாமியார் காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். உண்மையில் என்ன பொருள்? எங்கிருந்து வந்த சொல்?

மெய்ப்புக்காரன்:
பாராட்டுத்தான், பயப்படாதீங்க. அகராதிக்காரர் வேர்ப்பொருளை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார். லத்தீனில் 'ப்ரே' என்றால் முன்பு. 'கோக்வெரே' என்றால் சமைப்பது, பழுக்க வைப்பது. 'ப்ரேகாக்ஸ்' என்பது பருவத்துக்கு முந்திப் பழுப்பது. ஆங்கிலத்துக்கு 17ஆம் நூற்றாண்டில் வந்தது. சீக்கிரம் பூக்கிற, காய்க்கிற செடிகளுக்குச் சொன்னது பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது.

ஆப்ரிகாட் பழமும் இதே வம்சம்தான். பீச்சுக்கு முன்னால் பழுப்பதால் ரோமானியர் வைத்த பெயர், கிரேக்கம் போய், அரபியில் 'அல்-பர்கூக்' ஆகி, ஸ்பெயின் பக்கமாக ஐரோப்பாவுக்கே திரும்பி வந்தது.

எனக்குப் பிடித்தது இதுவெல்லாம் இல்லை. 'கோக்வெரே'யும் சமஸ்கிருத 'பச்'சும் ஒரே வேரில் பிறந்தவை. அந்தப் 'பச்' வழியாக வந்ததுதான் நம்ம 'பக்குவம்'. குழம்புக்கும் பக்குவம் பார்க்கிறோம், மனுஷனுக்கும் பார்க்கிறோம். 'வயசுக்கு முந்தின பக்குவம்' என்று மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள்.

தோப்புவாசி:
மாமியார் கோபம் நியாயம்தான் சார். எங்க பக்கம் கெட்டிக்காரப் பிள்ளையை யாரும் 'பிஞ்சில் பழுத்தது' என்று சொல்வதில்லை. பெரியவங்க சமாசாரத்தில் வாய் வைக்கிற பிள்ளைக்குத்தான் அந்தப் பேச்சு. மாந்தோப்பில் பிஞ்சிலே பழுத்தால் அது வெம்பல். நிறம் இருக்கும், ருசி இருக்காது, வியாபாரி கையால் தொடமாட்டார். கெட்டிக்காரிக்கு 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்ற பழமொழி இருக்கும்போது அகராதிக்காரருக்கு இதுதானா கிடைத்தது?

தறிநாடா:
சரி, அப்போ மேதைக் குழந்தைகளைச் சொல்கிற 'பிராடிஜி'யும் இதே அர்த்தம்தானா?

மெய்ப்புக்காரன்:
இல்லை, அது ஒரு படி மேல். 'பிரிகோஷியஸ்' பிள்ளை வகுப்புக்கு ஒன்று இருக்கலாம், பிராடிஜி அபூர்வம். ஆனால் பிறப்பு அதைவிட மோசம்! ரோமில் 'ப்ரோடிகியும்' என்றால் தெய்வம் காட்டும் சகுனம், பெரும்பாலும் அபசகுனம். கல்மழை பொழிந்தது, விநோதக் கன்று பிறந்தது என்று வரலாற்றாசிரியர் லிவி பட்டியலே போடுகிறார். அந்தச் சொல்லைத்தான் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆன பிரக்ஞானந்தாவுக்கும் குகேஷுக்கும் பத்திரிகைகள் போட்டன.