ஒரு குருவானவர், மூன்று சபைகள்: சேர்ந்த ஊழியத்தை எப்படி ஒழுங்கு செய்வது?

வலிமேற்குச் செயலாளர்:
தென்னிந்தியத் திருச்சபை யாழ். ஆதீனத்தில் (ஒரு பேராயரின் பொறுப்பிலுள்ள பகுதி) அடுத்தடுத்த ஊர்களிலுள்ள மூன்று சிறிய சபைகளுக்கு, தை மாதத்திலிருந்து ஒரே குருவானவர். சந்தா கட்டும் குடும்பங்கள் 60, 30, 10. சபைகளுக்கு இடையில் ஐந்து கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரம்தான். பொதுச் செலவு மாதம் ஏறக்குறைய 90,000 ரூபா. அதைப் பாதி சமமாகவும் பாதி குடும்பத் தொகைப்படியும் பிரிப்பது என்று ஒரு யோசனை இருக்கிறது. ஞாயிறு ஆராதனை, கணக்கு, பிள்ளைகளுக்கான ஓய்வுநாட் பாடசாலை (வேத வகுப்பு) இவற்றை எப்படி ஒழுங்கு செய்யலாம்? அனுபவமுள்ளவர்கள் விபரமாகச் சொல்லுங்கள்.

கணக்குப் பெட்டி:
ஐயா, அந்தப் பாதிக்குப் பாதி கணக்கைக் குழுவுக்குக் கொண்டுபோக முதல் ஒருக்கால் போட்டுப் பாருங்கோ. 45,000 சமமாகப் பிரிச்சால் சபைக்கு 15,000. மற்ற 45,000 குடும்பப்படி 27,000, 13,500, 4,500. கூட்டினால் 42,000, 28,500, 19,500. பெரிய சபையிலை ஒரு குடும்பத்துக்கு 700 ரூபா விழ, பத்துக் குடும்பச் சபையிலை 1,950 விழுது. ஆறு மாதத்திலை அந்தச் சபை நிலுவையிலை நிக்கும். பிறகு "அவை காசு கட்டிறேல்லை" எண்ட கதை வரும். கதை வந்த பிறகு சேர்ந்த ஊழியம் பேருக்குத்தான்.

சமபங்கைப் பத்திலொன்றாக்குங்கோ. 9,000 சமமாக, சபைக்கு 3,000. மிச்சம் 81,000 குடும்பப்படி 48,600, 24,300, 8,100. மொத்தம் 51,600, 27,300, 11,100. குடும்பத்துக்கு 860, 910, 1,110. சின்னச் சபைக்கு இன்னும் கொஞ்சம் கூடத்தான், ஆனால் தாங்கும். சமபங்கை அடியோடை எடுக்க வேண்டாம். மூன்று சபைக்கும் குழுவிலை ஒரே அளவு வாக்கு இருக்க வேணும் எண்டு கேக்க, அந்த 3,000 தான் நியாயம்.

குடும்பத் தொகையை எண்ணுற நாள் டிசெம்பர் 31 எண்டு எழுதி வையுங்கோ. இல்லாட்டி கொழும்புக்குப் போன குடும்பத்தைச் சேர்க்கிறதா விடுகிறதா எண்டு ஒவ்வொரு மாதமும் பிடுங்குப்படுவியள்.

பொதுக் கணக்கு தனியாக வேணும். ஒவ்வொரு சபையிலும் ஒருவர் கையொப்பக்காரர், காசோலைக்கு மூவரிலை எந்த இருவரும். குருவானவரைக் கையொப்பக்காரராக்க வேண்டாம், தன்ரை சம்பளக் காசோலையிலை தானே ஒப்பமிடுற சங்கடம் அவருக்கு ஏன்? மாதம் 5ஆந் திகதிக்குள்ளை பங்கு கட்ட வேணும். சின்னச் சபையின்ரை வருமானத்திலை பெரும்பகுதி அறுப்புப் பண்டிகையிலை காணிக்கைப் பொருளை விக்கிற ஏலத்தோடை ஒரேயடியாக வாறது. அதனாலை அவை விரும்பினால் ஏலம் முடிஞ்ச கையோடை ஆறு மாதப் பங்கை முன்கூட்டியே கட்ட விடுங்கோ. மூன்று மாதத்துக்கு ஒருக்கால் கணக்கு மூன்று அறிவித்தற் பலகையிலும் ஒட்டுப்பட வேணும்.

ஆராதனை ஒழுங்கு:
ஒரே காலையில் மூன்று ஆராதனை வைக்காதீர்கள். 6.30, 8.30, 10.30 என்று தாளில் சரியாகத்தான் தெரியும். ஆராதனைக்கு ஒன்றேகால் மணித்தியாலம், வாசலில் சனத்தோடு கதைக்கக் கால் மணி, பயணத்துக்கு இருபது நிமிடம். மிஞ்சுவது பத்து நிமிடம். ஒரு ஞானஸ்நானம் வந்தாலே மூன்றாவது சபை வெயிலில் காத்திருக்கும். எப்போதும் அதே சபைதான் காத்திருக்கும் என்பது இன்னும் மோசம்.

மூன்று வாரச் சுற்று வையுங்கள். சபைகளை அ, ஆ, இ என்போம். முதல் வாரம் அ காலை 6.30, ஆ 8.30. இரண்டாம் வாரம் ஆ 6.30, இ 8.30. மூன்றாம் வாரம் இ 6.30, அ 8.30. மூன்று கிழமையில் ஒவ்வொரு சபைக்கும் ஒரு முந்திய ஆராதனை, ஒரு பிந்திய ஆராதனை, சபையாரே நடத்தும் ஒன்று. ஐந்தாம் ஞாயிறு வந்தால் சுற்றை நிறுத்தி, ஓரிடத்தில் மூன்று சபையும் கூடுங்கள். இடம் முறைவைத்து மாற வேண்டும். பழக்கத்தில் பெரிய கோயிலிலேயே நின்றுவிடும், கவனம். இந்தச் சுற்றில் "முதல் ஞாயிறு திருவிருந்து" (அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஆராதனை) என்ற வழக்கம் குலையும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சபையார் நடத்தும் ஞாயிறில் திருவிருந்து இல்லை, அதற்குத் தலைமைதாங்குவது குருவானவரே. பிரசங்கம் செய்ய இருவருக்கேனும் பேராயரின் அனுமதி எடுங்கள். மற்றவர்களுக்குக் குருவானவர் எழுதிய பிரசங்கத்தை வாசிக்கக் கொடுக்கலாம். அது வியாழக்கிழமைக்குள் கைக்கு வரவேண்டும். சனி இரவு வட்சப்பில் வந்தால் வாசிப்பவர் முதற்பார்வையிலேயே தடக்குவார்.

திருவிருந்துக் கிண்ணங்களும் தட்டும் அந்தந்தச் சபையிலேயே இருக்கட்டும், காரில் கொண்டுதிரிய வேண்டாம். சிறு கிண்ணம் ஒன்றுக்கு 10 மில்லிலீற்றர் திராட்சரசம் என்றால் 40 பேருக்கு 400. பெரிய போத்தல் திறந்தால் எங்கள் வெக்கையில் மிச்சம் புளித்துப்போகும், சிறிய போத்தலாக வாங்குங்கள்.

ஓய்வுநாட் பாடசாலை: ஞாயிறு காலையில் ரியூசனோடு போட்டி போட முடியாது. ஞாயிறு பிற்பகல் 3.30க்கு நடுவிலுள்ள சபையில் மூன்று ஊர்ப் பிள்ளைகளையும் சேருங்கள். ஓட்டோச் செலவு பொதுக் கணக்கில் போக வேண்டும், பெற்றோர் தலையில் விழுந்தால் இரண்டாம் மாதமே வரவு குறையும்.

பழைய பதிவேடு:
கணக்கும் நேர அட்டவணையும் சரி. ஆனால் இழுபறி எங்கே வரும் என்பதற்கு வேர் வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் சபைகள் 1816இல் வந்த அமெரிக்க மிசனின் வழிவந்தவை. அந்த மரபில் ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே தீர்மானித்தது. 1947 செப்ரெம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோதுதான் இங்கே ஆதீனமும், வட்டுக்கோட்டையைப் பேராலயமாகக் கொண்டு பேராயர் குலேந்திரனும் வந்தார்கள். மனப்பழக்கம் ஆண்டுக் கணக்கில் மாறுவதில்லை. "எங்கட கோயில், எங்கட காசு" என்று ஒரு மூப்பர் சொன்னால் அதைப் பிடிவாதம் என்று ஒதுக்காதீர்கள். நூற்றாண்டு கடந்த பொறுப்புணர்ச்சி அது. ஆகவே மூன்று சபைகளின் ஆண்டுக் கூட்டங்களிலும் ஒரே சொற்களில் ஒரே தீர்மானத்தை நிறைவேற்றி, பிறகு ஆதீன அலுவலகத்துக்கு அனுப்புங்கள். மேலிருந்து வந்த கடிதமாகத் தொடங்கினால் வேகாது.

ஞானஸ்நானப் பதிவேட்டை ஒன்றாக்க வேண்டாம், நடந்த கோயிலில் நடந்ததாகவே எழுதப்பட வேண்டும். விவாகத்துக்கு, கோயில் அதற்கெனப் பதிவான இடமாக இருக்க வேண்டும், பதிவாளரின் சான்றிதழும் முன்கூட்டிக் குருவானவர் கையில் இருக்க வேண்டும். மூன்று கோயில்களும் பதிவில் உண்டா என்று இப்போதே பாருங்கள்.

குருவானவர் விடுமுறையில் போனால், சுண்டுக்குளி பரி. யோவான், நல்லூர் பரி. யாக்கோபு போன்ற இலங்கைத் திருச்சபை ஆலயக் குருமாரைக் கேட்கலாம். அவை கொழும்பு ஆதீனம். இரு திருச்சபைகளும் அங்கிலிக்கன் ஐக்கியம் என்ற உலகளாவிய திருச்சபைக் கூட்டில் இருப்பவை, திருவிருந்தில் தடையில்லை. ஆனாலும் இருபக்கப் பேராயர்களின் அனுமதியும் முதலில் எடுக்க வேண்டும்.

வலிமேற்குச் செயலாளர்:
மிக்க நன்றி. கனடா, லண்டனிலுள்ள எங்கள் ஊரவர் கோயில் கூரைக்கு, மதிலுக்கு என்று பெயர் குறித்து அனுப்பும் காசை என்ன செய்வது? பெரும்பாலும் பெரிய சபைக்குத்தான் வருகிறது.

கணக்குப் பெட்டி:
குறிச்ச காசு குறிச்ச வேலைக்குத்தான். மதிலுக்கு வந்ததைச் சம்பளத்துக்குத் திருப்பினால் அடுத்த முறை ஒருத்தரும் அனுப்பமாட்டினம், அது சரியும் இல்லை. அனுப்ப முதலே கேளுங்கோ. நன்றிக் கடிதத்திலையும் நத்தார் வாழ்த்திலையும் இரண்டு வரி போடுங்கோ: ஒண்டு "ஊர்க் கோயில்", மற்றது "மூன்று சபைச் சேர்ந்த ஊழியம்". இரண்டாவதுக்குக் கீழை காசு எதுக்குப் போகுது எண்டு எழுதுங்கோ: பிள்ளையளின்ரை ஓட்டோ, தெல்லிப்பழை ஆசுப்பத்திரியிலை புற்றுநோய் வருத்தக்காரரைப் பார்க்கப் போறவையின்ரை போக்குவரத்து. மதிலுக்குக் குடுக்கிறவை மதிலைக் கண்ணாலை காணினம். இதையும் அவை காணவேணும். வரவு வந்த கிழமையே எந்த வரியிலை விழுந்தது எண்டு எழுதிப் பற்றுச்சீட்டு அனுப்புங்கோ.