மகள் வயலின் பயிலும்போது வீட்டு நாய் ஊளையிடுகிறது: என்ன செய்யலாம்?

கல்லடித் தாய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மட்டக்களப்பு கல்லடியில், கடற்கரைக்கு அண்மையில் வசிக்கிறோம். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்கு ஆயத்தமாகும் என் மகள், பாடசாலையும் பிரத்தியேக வகுப்பும் முடிந்து வந்தபின், பின்னேரங்களில் விறாந்தையில் இருந்து வயலின் பயில்கிறாள். வீட்டில் ஜிம்மி என்று ஓர் ஊர் நாய் இருக்கிறது. குட்டியாக வந்த நாள் முதல் மகளின் காலடியிலேயே வளர்ந்த நாய் அது. தொடக்கப் பயிற்சிகளான சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் வாசிக்கும்வரை படியில் தலையை வைத்துப் பேசாமல் படுத்திருக்கும். உயர்ந்த சுரங்கள் வரும் மேல்ஸ்தாயி வரிசைக்கு வந்து, மேல் ஷட்ஜத்தில், அதாவது உயர்ந்த ‘ஸ’ சுரத்தில், அவள் வில்லை நீளமாக இழுத்ததும் எழுந்து நின்று, காதுகளைப் பின்னே மடித்து, மோவாயை உயர்த்தி ஊளையிடத் தொடங்குகிறது. அவள் நிறுத்தினால் அதுவும் நிறுத்துகிறது. மறுபடி இழுத்தால் மறுபடியும் ஊளை.

விளக்கு வைக்கும் நேரத்தில் நாய் ஊளையிடுவது குடும்பத்துக்கு ஆகாது என்று எங்களோடு இருக்கும் மாமி மனம் கலங்குகிறார். அவருக்காகக் கணவர் நாயைப் பின்வளவில் மாமரத்தடியில் கட்டிப் பார்த்தார். அங்கே அது சங்கிலியை இழுத்து மண்ணைப் பறண்டுகிறது. பக்கத்துக் கூட்டில் கோழிகள் மிரண்டு அடைய மறுக்கின்றன. மகளோ, நாய்க்குக் காது வலிக்கிறதோ என்று அஞ்சி, மேல்ஸ்தாயியைத் தொடாமலே வயலினைப் பெட்டியில் வைத்துவிடுகிறாள். பரீட்சையையும் விட முடியாது, வாயில்லாச் சீவனையும் வதைக்க முடியாது. அந்தச் சத்தம் உண்மையிலேயே நாய்க்கு வேதனை தருகிறதா, அதைக் கட்டி வைப்பது சரியா என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கல்முனையிலிருந்து, மிருக வைத்தியத் துறையில் பணியாற்றுபவர்:

வணக்கம் அம்மா. ஊளை என்பது நாய்க்கு முதலில் ஒரு பேச்சு. தூரத்தில் இருக்கும் தன் இனத்துக்குக் கொடுக்கும் பதில். நாயின் மூதாதையான ஓநாயின் ஊளை பெரும்பாலும் 150 முதல் 780 ஹேர்ட்ஸ் வரையான சுருதியில் எழுகிறது. வயலினில் உங்கள் மகள் வாசிக்கும் சுரங்களில் பெரும்பகுதி அந்த எல்லைக்குள்ளேயே அடங்கும். அதிலும் சரளி வரிசையில் சுரங்கள் அடுத்தடுத்து மாறிக்கொண்டே போகின்றன, மேல் ஷட்ஜத்தில் ஒரே சுரம் அறுபடாமல் நீள்கிறது. அப்படி நீளும் ஒலிதான் நாயை அழைக்கிறது. அம்புலன்ஸ் போகும்போதும் சங்கு ஊதும்போதும் தெருநாய்கள் எல்லாம் சேர்ந்து ஊளையிடுவதன் காரணமும் இதுவே.

ஆனால், பதில் சொல்லும் ஊளை வேறு, தாங்க முடியாத ஊளை வேறு. இரண்டையும் பிரித்தறிய வாயைப் பார்க்காமல் உடலைப் பார்க்க வேண்டும். உடல் தளர்ந்து, வால் இயல்பாக அசைய, ஊளையிட்டு முடிந்ததும் மகளருகே வந்து படுத்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. வாலைக் கால்களுக்கிடையில் ஒடுக்குவது, வெக்கை இல்லாதபோதும் மூச்சிரைப்பது, திரும்பத் திரும்பக் கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, நடுங்குவது, அறையைவிட்டு ஓடப் பார்ப்பது ஆகியவை துன்பத்தின் அடையாளங்கள். நீங்கள் எழுதியதில் காதைப் பின்னே மடிக்கிறது என்ற ஒன்று மட்டும் என்னை யோசிக்க வைக்கிறது. மனிதக் காது சுமார் 20,000 ஹேர்ட்ஸ் வரையே கேட்கும், நாயின் காது ஏறக்குறைய 45,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். ஆகவே வில் உரசும்போது எழுந்து நம் செவிக்கு எட்டாமல் போகும் கூரிய உப ஒலிகளும் அதன் காதில் விழுகின்றன.

எதற்கும் முன்னதாகக் காதைப் பாருங்கள். எங்கள் கரையோர ஈரப்பதத்தில், முக்கியமாக மாரி காலத்திலும் கடலில் குளித்த பின்பும், நாய்களுக்குக் காதில் புண்ணும் பூஞ்சையும் எளிதில் வந்துவிடுகின்றன. தலையை உதறுகிறதா, பின்காலால் ஒரே காதைச் சொறிகிறதா, காது மடலைத் தூக்கினால் புளித்த வாடை வருகிறதா என்று கவனியுங்கள். உடலில் எங்கோ இருக்கும் வலி ஒலியைத் தாங்கவிடாமல் செய்யும் என்பதை இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகமும் பிரேசில் ஆய்வாளர்களும் சேர்ந்து 2018 இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக் காட்டியது. 20 நாய்களை மட்டும் ஆராய்ந்த சிறிய ஆய்வு அது. ஆயினும் நாங்கள் அன்றாடம் காண்பதோடு ஒத்துப்போகிறது.

கட்டி வைக்க வேண்டாம். ஒலி தொந்தரவாக இருந்தால் எழுந்து போகும் உரிமை நாய்க்கு வேண்டும். கட்டப்பட்ட நாய்க்கு அந்த வழி அடைபட்டுப் போவதால் அச்சம் பெருகுகிறது, நாளடைவில் வயலின் பெட்டியைக் கண்டாலே மிரளத் தொடங்கும். அதட்டுவதும் அதே விளைவையே தரும்.

களுவாஞ்சிகுடி வயலின் ஆசிரியை:

அன்புள்ள சகோதரிக்கு, மேல்ஸ்தாயியைத் தவிர்த்துக்கொண்டே போனால் வில்லின் அழுத்தம் அந்த இடத்தில் என்றைக்கும் சீராகாது, ஆகவே பயிற்சியை விடாமல் இருக்கவே வழி தேடுவோம். நாய்க்கு ஒவ்வாத கூச்சலில் ஒரு பங்கு இசைக்கு உரியதே அல்ல, பயிற்சிக் குறைவுக்கு உரியது. மேல் ஷட்ஜத்தை எட்டும் பதற்றத்தில் பிள்ளைகள் வில்லை, வயலினில் தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற கட்டைக்கு மிக அருகில் கொண்டுபோய் அழுத்துவார்கள். அப்போது சுரத்தோடு ஒரு கீச்சொலியும் சேர்ந்து வரும். வில்லைக் குதிரைக்கும் விரற்பலகையின் நுனிக்கும் நடுவில் வைத்து, எடையைக் குறைத்து இழுக்கச் சொல்லுங்கள். மழைக் காலத்தில் வில்லின் மயிர் ஈரத்தை இழுத்து நீண்டு தொய்ந்துவிடும். அது வழுக்குகிறது என்று, வில்லுக்குப் பூசும் பிசினான ரொசினை அள்ளிப் பூசினால் கரகரப்பு இன்னும் கூடும். பயிற்சிக்கு முன் மயிரின் இறுக்கத்தைச் சரிபார்த்து, முடிந்ததும் தளர்த்தி வைக்க வேண்டும்.

குதிரையின்மேல் மாட்டும் இறப்பர் மியூட் ஒன்றை இசைக்கருவிக் கடைகளில் வாங்கலாம். அதை மாட்டினால் ஒலி நன்றாக அடங்கிவிடும், சுருதியைக் கேட்டுப் பயில்வதற்குத் தடையாகாது. எனினும் எந்நேரமும் மாட்டியே வாசிக்கக் கூடாது, ஏனெனில் உண்மையான நாதம் காதில் பதியாமல் போகும். சீமெந்துச் சுவரும் வெறும் தரையுமான விறாந்தையில் ஒலி முட்டி மோதிப் பெருகுவதால், திரைச்சீலையும் மெத்தையும் உள்ள உள்ளறைக்கு மாறிப் பாருங்கள். நீண்ட வில் பயிற்சியை மட்டும், வீட்டில் ஒருவர் நாயைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகும் நேரத்தில் வைத்துக்கொண்டால் இருவருக்கும் நிம்மதி.

தம்பிலுவில் மூத்த வாசகர்:

மகளே, மாமியின் கலக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். நாய் ஊளையைச் சாவோடு சேர்த்துப் பேசும் வழக்கம் எங்கள் வீடுகளிலும் இருந்தது. அவரிடம் வேறு ஒன்றை நினைவுபடுத்துங்கள். எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோயில் சடங்குக் காலத்தில், பறையும் சங்கும் முழங்கும்போது ஊரிலுள்ள நாய்கள் அத்தனையும் ஊளையிடும். அம்மனைக் குளிர்விக்கும் சடங்கான குளிர்த்தியன்று எழுந்த ஊளையைக் கெட்ட சகுனம் என்று எந்தப் பெரியவரும் சொல்லக் கேட்டதில்லை. சங்குக்குப் பதில் சொன்ன நாய்தான் இப்போது பிள்ளையின் வயலினுக்கும் பதில் சொல்கிறது. வயிரவரின் வாகனத்தை விளக்கு வைக்கும் நேரத்தில் சங்கிலியில் கட்டுவதை மாமியின் மனமும் விரும்பாது. பயிற்சியை விளக்கு வைப்பதற்கு முன்னரோ பின்னரோ சற்று நகர்த்தினால், அவருடைய நம்பிக்கைக்கும் மரியாதை கொடுத்ததாகும்.

கல்லடித் தாய்:

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. கல்முனை ஐயா சொன்னபடி காது மடலைத் தூக்கிப் பார்த்தேன். வலது காது சுத்தமாக இருக்கிறது. இடது காதின் உள்மடிப்பில் கோப்பித் தூள் நிறத்தில் பசைபோன்ற அழுக்கு படிந்திருக்கிறது, வாடையும் வருகிறது. தொட்டதும் தலையை இழுத்துக்கொண்டது. மாமி நல்லெண்ணெயைச் சூடாக்கிச் சில துளி விடலாம் என்கிறார், விடலாமா? தம்பிலுவில் ஐயா எழுதியதை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் அதிகம் பேசவில்லை, ஆனால் சங்கிலியைத் தாமே அவிழ்த்துவிட்டார்.

கல்முனையிலிருந்து, மிருக வைத்தியத் துறையில் பணியாற்றுபவர்:

எண்ணெய் விட வேண்டாம் அம்மா. செவிப்பறையில் துளை இருந்தால் எண்ணெய் உள்ளே இறங்கிக் கேடு விளைவிக்கும், ஈரமும் இன்னும் தங்கும். பஞ்சுக் குச்சியை உள்ளே விடுவதும் ஆபத்து. வலிக்கு நாம் விழுங்கும் பரசிற்றமோல் போன்ற மாத்திரைகளையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். மிருக வைத்தியரிடம் கூட்டிச் சென்று, அழுக்குக்குக் காரணம் உண்ணியா, பூஞ்சையா, பற்றீரியாவா என்று அறிந்து, அதற்குரிய மருந்தையே இட வேண்டும். அவர் சொன்ன நாள்வரை விடாமல் இடுவது முக்கியம். சொறிவது நின்றதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள், நோய் திரும்பி வந்துவிடுகிறது.

காது ஆறும்வரை நீண்ட மேல் சுரங்கள் நாயின் காதில் விழாமல், ஆசிரியை அம்மா சொன்ன முறையில் பயிலட்டும். ஆறிய பின்னும் ஊளை தொடர்ந்தால் இப்படிப் பழக்குங்கள்: மகளின் மேல்ஸ்தாயி வரிசையைக் கைப்பேசியில் பதிந்து, நாய் காதை நிமிர்த்துவதோடு நிற்கும் அளவுக்கு மிகத் தாழ்வாக ஒலிக்கவிட்டு, ஊளை எழுவதற்கு முன்னரே முள் நீக்கி அவித்த மீன் துண்டு ஒன்றைக் கொடுங்கள். அமைதியாக இருந்தால் மறுநாள் ஒலியைச் சற்றுக் கூட்டலாம். எழுந்து கழுத்தை நீட்டினால் முந்திய அளவுக்கே திரும்பிவிடுங்கள். கைப்பேசியில் பழகிய பிறகு, மகள் பின்வளவின் கடைசியில் நின்று உண்மையான வயலினை வாசிக்க, நீங்கள் விறாந்தையில் நாயோடு இருந்து மீனைக் கொடுங்கள். அங்கிருந்து அவள் ஒவ்வொரு நாளும் வீட்டை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வரலாம். கோழிகள் கூடு அடைந்து அடங்கிய நேரத்தில் இதைச் செய்யாதீர்கள். அவை மிரண்டால் நாயின் கவனமும் சிதறிவிடும்.