புதுப்பிப்பு: சர்வரின் அடையாள விளக்கைக் கட்டளை வரியிலிருந்தே எரியவைப்பது

ஒரே மாதிரி சர்வர்கள் நிறைந்த ராக்கில் சரியான பெட்டியைக் காட்டும் நீல விளக்கை, பொத்தானை அழுத்தாமல் கட்டளை வரியிலிருந்தே எரியவைக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடிகிறது, சர்வரின் வன்பொருளை நிர்வகிக்கும் ஐபிஎம்ஐ என்ற பொது நெறிமுறைக்கான கட்டளைக் கருவியான ஐபிஎம்ஐடூல் போதும்.

முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக நுழைந்து 'ஐபிஎம்ஐடூல் சேஸிஸ் ஐடென்டிஃபை' என்று கொடுத்தால் விளக்கு 15 நொடி எரிந்து தானாக அணைந்துவிடும், கன்சோலிலிருந்து எழுந்து ராக்கின் பின்பக்கம் போய்ச் சேர்வதற்கே அந்த நேரம் போதாது, அதனால் கடைசியில் 120 என்று நொடியையும் சேர்த்துக் கொடுங்கள். உச்சவரம்பு 255. எண்ணுக்குப் பதில் 'ஃபோர்ஸ்' என்றால் அணைக்கும்வரை எரியும், 0 கொடுத்தால் அணையும். ஃபோர்ஸ் கட்டாய வசதி இல்லை, சில பிஎம்சி (சர்வருக்குள்ளேயே தனியாக இயங்கும் சின்ன நிர்வாகச் சில்லு) அதை ஏற்காது. அப்போது 255-ஐயே ஒரு லூப்பில் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியதுதான்.

சாதனமே கிடைக்கவில்லை என்று பிழை வந்தால் ஐபிஎம்ஐ கெர்னல் மாட்யூல்கள் (பிஎம்சியோடு பேச இயங்குதளத்துக்கு உதவும் டிரைவர்கள்) ஏறியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், இந்த விளக்கு பிஎம்சியின் கையில் இருப்பதால், மின்சாரம் வந்துகொண்டிருந்தால் போதும், இயங்குதளம் தொங்கிப்போன சர்வரிலும் வேறு கணினியிலிருந்து ஐபிஎம்ஐடூலின் நெட்வொர்க் இணைப்பு முறையான 'லேன்பிளஸ்' வழியாக இதே கட்டளையை அனுப்பலாம்.

வட்டு மாற்றப் போகிறவர்களுக்கு இது போதாது, அந்த வட்டின் விளக்கை எரியவைக்க 'லெட்சிடிஎல்' என்று தனிக் கருவி இருக்கிறது.